இரட்டைகளை நீக்குதல்

முதலில் ஒரு பிரதி எடுத்துவைக்க வேண்டும்,
எதையும் தொடுவதற்கு முன்.
இதை நான் பிந்தித்தான் கற்றேன்.

பீல் நகரம். ஞாயிறு.
சலவை அறைச் சாவி நாளைவரை மேல்மாடிக்காரியிடம்.
தெருவில் பேருந்து இரண்டு மொழிகளில்
தரிப்பிடத்தின் பெயரைச் சொல்லிப் போகிறது.
மேசையில் பழைய கணினி, அதன் விசிறி
தடிமன் பிடித்த பிள்ளைபோல் மூச்சிழுக்கிறது.
பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பாட்டு.
பாதி நிரோஜனுக்கு.

சட்டத்தரணியின் தாளில் கட்டில் இருக்கிறது,
கார் இருக்கிறது, ரைஸ் குக்கர்கூட இருக்கிறது.
பாட்டு இல்லை.
அதைத் தொலைபேசியில் கேட்டான்,
பக்கத்து வீட்டில் உப்புக் கேட்பதுபோல.

நல்ல நிரல்தான், குறை சொல்ல மாட்டேன்.
வேண்டாத பத்தியை வலது சொடுக்கில் மறைக்கலாம்.
நான் 'வகை'யை மறைத்தேன்.
அவன் எல்லாவற்றுக்கும் 'மற்றவை' என்றே போட்டிருக்கிறான்:
தவில் மற்றவை, பியானோ மற்றவை,
மழைச்சத்தம் மற்றவை.

ஒரு ஃபோல்டர் முழுக்கப் பாமினி எழுத்துருவில் தட்டியது.
எம், கே, அரைப்புள்ளி, கே, எச்
என்று கிடந்ததை மாற்றியில் ஒட்டினேன்.
அம்மா என்று வந்தது.
இருநூறு தலைப்பு இப்படி,
தேநீர் இரண்டு முறை ஆறியது.

ஒரே பாடகி நான்கு பேராய் இருந்தாள்,
எச் வைத்து, வைக்காமல், இனிஷியல் முன்னே, பின்னே.
நால்வரையும் சேர்த்துத் தெரிவுசெய்து
ஒரு பெயர் எழுது, சேமி.
முணுமுணுக்காமல் ஒருத்தி ஆனார்கள்.
குடிவரவுக் கந்தோரில் என் பெயருக்கு இதைச் செய்ய
எட்டு மாதம்.

பிறகு இரட்டைகள்.
தொள்ளாயிரத்துச் சொச்சம்.
கலியாணத்துக்கு முன் அவனும் நானும் தனித்தனியே
சேர்த்துவைத்த அதே பாட்டுகள்.
அவசரப்பட்டு அழிக்காதே, நீளத்தைப் பார்:
மூன்று செக்கன் கூட இருந்தால் அது வேறு பதிவு.
அவனுடையது கைதட்டலோடு வெட்டுப்படும்.
என்னுடையதில் கைதட்டல் ஓய்ந்தபின்
யாரோ ஒருவர் இருமுவார்.
இரண்டையும் விட்டுவிட்டேன்.

'எத்தனை முறை' என்ற பத்தியை
வெளியே இழுத்திருக்கக் கூடாது.
பெரிய எண் மேலே வரும்படி தலைப்பில் ஒரு தட்டுத் தட்டினேன்.
முதலாவதாக நின்றது பாட்டே இல்லை,
அந்த மழைச்சத்தம். நாற்பது நிமிடம்.
அறுநூற்றுப் பதினொரு முறை.
கடைசியாகக் கேட்டது பெப்ரவரி பதினொன்று,
அதிகாலை மூன்று நாற்பது.

அன்று எனக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
ஆறு வருடம், கிழமைக்கு இரண்டு இரவு.
கணக்கு ஏறக்குறையச் சரி.

நித்திரை வந்ததா என்று
காலையில் நான் கேட்டதே இல்லை.
சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்துவிடுவேன்.
அவனும் சொல்லவில்லை, அதையும் எழுதிக்கொள்.

'நூலகத்திலிருந்து மட்டும் அகற்றவா,
கோப்பையும் அழிக்கவா?'
ஒவ்வொரு முறையும் பொறுமையாய்க் கேட்கிறது நிரல்.
எங்களிடம் ஒருவரும் இப்படிப் பிரித்துக் கேட்கவில்லை.

பாட்டு என்ன கட்டிலா, நடுவில் அறுக்க?
முழுவதையும் பிரதி எடுக்கிறேன், அவனுக்கும் முழுது.
ஆனால் ஒன்று: கேட்ட கணக்கு பாட்டோடு போகாது,
அது இந்தக் கணினியின் நிரலுக்குள் இருக்கிறது.
அவன் வீட்டில் எல்லாம் பூச்சியத்தில் இறங்கும்.
அறுநூற்றுப் பதினொன்று இங்கே,
என்னிடம்.

வகையை எழுதினால் அது கோப்போடு போகும்.
மறைத்த பத்தியைத் திரும்பக் கொண்டுவந்து
அந்த ஒன்றில் மட்டும் 'மற்றவை'யை அழித்து
'இரவு' என்று எழுதினேன்.

இப்போது பச்சைக் கோடு நகர்கிறது.
மீதி பதினாறு நிமிடம் என்கிறது.
பிறகு ஒன்பது.
பிறகு இருபத்திரண்டு.